மருந்து இலவசம், பிறகு ஏன் மறைக்கிறார்கள்?

தம்பி கேட்டிருப்பது இதுதான். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் உள்ள ஒரு மீனவ ஊரில் அவருடைய மச்சானுக்குக் காசநோய் என்று உறுதியானதும், படகு உரிமையாளரான சம்மாட்டி அவரைப் படகில் ஏற்ற மறுத்துவிட்டார். குழாயடியில் அக்காவின் குடத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் வரிசையில் அத்தனை பேர் முன்னிலையில் ‘டி.பி. கேஸ், தள்ளி நில்லு’ என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், ஊரில் படித்தவர்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் நோயை ஏன் மறைக்கிறார்கள், எங்களைப் போன்றவர்களை ஏன் இப்படி நடத்துகிறார்கள், இது அறியாமையா, ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் பொது சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறியாமைக்கு இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் அது சிறிய பங்கு. ஊர் ஒதுக்குவதால் நோயாளி மறைக்கிறார், மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம், அது உண்மைதான். அதே சங்கிலி எதிர்த்திசையிலும் ஓடுகிறது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. சிகிச்சை தாமதமாகவும் அரைகுறையாகவும் கிடைக்கிற இடத்தில் நோய் முற்றி, பார்த்தவர் அஞ்சும் உருவத்துக்கு வந்துவிடுகிறது. ஊர் அந்த முற்றிய உருவத்தைத்தான் நோய் என்று நினைவில் வைத்துக்கொள்கிறது. வசதியுள்ள வீட்டில் அதே நோய் வந்தால் மூன்றாம் வாரமே மதுரையில் கண்டுபிடித்து, ஆறு மாதத்தில் குணமாகி, யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. அதனால் ஊர்க்கண்ணுக்குக் காசநோய் என்றால் ஏழை வீட்டு எலும்புக்கூடாகவும், தொழுநோய் என்றால் விரல் மடங்கிய கையாகவும் மட்டுமே தெரிகிறது.

படிப்பு வந்தால் ஒதுக்குதல் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு 2020 ஏப்ரலை நினைவுபடுத்த வேண்டும். சென்னை மாநகரில், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தார்கள். இரவோடு இரவாகச் சக மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளிக் குழியை மூட வேண்டியிருந்தது. அங்கே பள்ளிக்கூடத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பஞ்சமில்லை. அப்போது இருந்ததெல்லாம் புது நோய், கையில் மருந்து இல்லை என்ற பயம். ஆக, பயம் எங்கே வளர்கிறது என்று பார்த்தால், வைத்தியம் கைக்கு எட்டாத இடத்தில்தான் வளர்கிறது.

உங்கள் மச்சானின் படகிலிருந்து தொடங்குவோம். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். படகு கரை திரும்பியபின் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, சம்மாட்டியின் பங்கு போக மிச்சத்தை ஆட்கள் பிரித்துக்கொள்கிறார்கள். கடலுக்குப் போகாதவனுக்குப் பங்கு இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போக முடியும் என்பதால், அதில் ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் கழிந்தாலே வாரத்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பலருக்குச் சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தை இறுக்குகிறது. நோய் தெரிந்து படகிலிருந்து இறக்கிவிட்டால் தொழில் போய்க் கடன் மட்டும் மிஞ்சும். இந்தக் கணக்கையெல்லாம் அறிந்த மனிதர் மூன்று வாரம், நான்கு வாரம் என்று இருமிக்கொண்டே ‘உப்புக்காத்து, ஐஸ் தண்ணி’ என்று சமாளித்தால், அதை அறியாமை என்று அறிக்கையில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் மிக நன்றாகத் தெரிந்துதான் மறைக்கிறார்.

மாத்திரை தொடங்கிய பிறகும் மறைப்பது எளிதல்ல என்பது மருந்துக் கொடுப்பவர்களுக்கே பல நேரம் தோன்றுவதில்லை. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிடுகிறவரின் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும். அதனால் எந்தத் தீங்கும் இல்லை, வீட்டிலிருப்பவருக்கு அது ஒரு பொருட்டும் இல்லை. கழிப்பறை இல்லாத படகில், ஓரத்தில் நின்று ஒதுங்குகிற ஆளுக்கு அதுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கூட இருக்கும் நான்கு பேரில் ஒருவர் பார்த்தால் போதும், கரைக்கு வருவதற்குள் செய்தி படகு முழுக்கப் பரவியிருக்கும். இன்னொன்று, மீன். ஐசோநயசிட் என்ற இன்னொரு காசநோய் மாத்திரை சாப்பிடும் காலத்தில் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைச் சாப்பிட்டால், அதிலும் சரியாக ஐஸில் வைக்காத மீனாக இருந்தால், சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். அந்த மீன்களில் சேரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உடல் சிதைப்பதை இந்த மருந்து தடுப்பதுதான் காரணம். இதை ஒரு வரி சொல்லி அனுப்பினால் அவர் வேறு மீனை உண்பார். சொல்லாவிட்டால் ‘மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாத்திரையை நிறுத்துவார், நாம் அவர் பெயருக்கு எதிரே ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதுவோம். மீனவருக்கு மருந்து கொடுக்கும்போது மீனைப் பற்றிப் பேசாத வைத்தியம் யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருக்க நேரும் தொழிலாளிக்குச் சிகிச்சை என்ன ஆகும் என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும். பாதியில் அறுந்த காசநோய் மருந்து, மருந்துக்கு அடங்காத காசநோயாக மாற வழிவிடுகிறது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் ஊர்களில் இந்தக் கேள்வி கற்பனையானது அல்ல.

கரையை விட்டுச் சற்று உள்ளே போனால் சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக் கருவேல் மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கப் புகையில் நிற்கிறவருக்கு இருமல் வந்தால் அவரும் புகை என்றுதான் நினைப்பார், மருந்துக்கடைக்காரரும் அதையே நினைத்து ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுப்பார், சில நேரம் மருத்துவரும் அதையே நினைத்துவிடுவார். சளிப் பரிசோதனைக்கு எழுதுவதற்குள் இரண்டு மாதம் போய்விடும். அந்த இரண்டு மாதத்தில் உடல் உருகிவிடும். ஊர் பார்ப்பது அந்த உருகிய உடலை.

காசநோயாளியைத் தனியே வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை உலக அளவில் உடைத்த ஆய்வு நம் ஊரில்தான் நடந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 1956-ல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. நெரிசலான ஏழை வீடுகளிலிருந்து வந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்துச் சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தார்கள். 1959-ல் வெளியான முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அதைவிட முக்கியமானது, ஒரே வீட்டில் அவர்களோடு இருந்த உறவினர்களுக்கு, சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் உறவினர்களைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்றியிருந்தால், அது மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றியிருந்தது. உங்கள் அக்காவின் குடத்தைத் தள்ளி வைக்கச் சொன்னவர்களுக்கு இதுதான் பதில். காசநோய் காற்றில் பரவுவது, குடத்திலும் தட்டிலும் துணியிலும் பரவுவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால், முறையாக மருந்து சாப்பிடத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. ஊர் அஞ்ச வேண்டியது மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்து அல்ல. தனக்கு இருப்பது தெரியாமலோ, தெரிந்தும் சொல்ல முடியாமலோ பக்கத்துப் படகில் இருமிக்கொண்டிருக்கிறவர்தான் பரப்புகிறார். உங்கள் மச்சானுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

தொழுநோய் விஷயத்தில் இந்தச் சுழற்சி இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விரல் அழுகி விழும் நோய் என்று இன்றும் சொல்கிறார்கள். வேலூரில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் கண்டது வேறு. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாத கை சூட்டிலும் வெட்டிலும் உரசலிலும் காயப்பட்டு, காயம் புரையோடி, அதனால்தான் விரல் குறைகிறது. அதாவது, ஊர் எதைப் பார்த்து நோயாளியை விரட்டுகிறதோ அது நோயின் நேரடி வேலை அல்ல, கவனிக்கப்படாத காயத்தின் வேலை. உணர்ச்சியற்ற ஒரு தேமல் கண்ணில் பட்ட அன்றே மருந்து தொடங்கிய ஒருவருக்கு அந்த நிலை பெரும்பாலும் வருவதில்லை. 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையில், கிருமி குறைவான வகைக்கு 6 மாதம், கிருமி மிகுந்த வகைக்கு 12 மாதம். மாத்திரை அட்டை இலவசம்.

இப்போது வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி போயிருக்கிறது, அவருக்கு அது தெரியாது. உப்புப் பாத்தியில் நிற்கும்போது மற்றவர்களுக்குச் சுள்ளென்று எரிகிற வெடிப்பு அவருக்கு எரிவதில்லை. எரியாததால் உட்காருவதில்லை, உட்காராததால் புண் ஆழமாகிறது. வலியில்லாத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கும் மனம் வராது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் இதே கதைதான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசியைப் பறிக்கிறவர்களுக்குக் கையில் கீறல் இருப்பது இயல்பு, அதில் எந்தக் கீறல் வலிக்கவில்லை என்று யார் பார்ப்பது? பார்ப்பதற்கென்று ஒரு காலத்தில் ஆள் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லி, இறகாலோ பஞ்சாலோ தொட்டுப் பார்க்கும் தொழுநோய்ப் பணியாளர்கள் இருந்தார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கை எட்டிவிட்டோம் என்று 2005 இறுதியில் நாடு அறிவித்தது; பணி பொது சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது; தேடிப்போகும் வேலை தளர்ந்தது. பிறகு 2016 முதல் மீண்டும் தேடல் இயக்கங்கள் நடத்த வேண்டி வந்ததிலிருந்தே இடையில் என்ன நடந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நல்லெண்ணத்தோடு செய்கிற காரியமே நோயாளியைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. கூட்டு மருந்தில் உள்ள குளோஃபாசிமின் தோலைச் செம்பழுப்பாகக் கறுக்க வைக்கும். மருந்தை முடித்தபின் மெல்ல மறையும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், முகம் கறுத்துப் போன புது மருமகள் மாத்திரையை அடுப்பில் போடத்தான் செய்வாள். உணர்ச்சியற்ற பாதத்துக்காகக் கொடுக்கப்படும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு காலைக் காப்பாற்றும் அருமையான பொருள், ஆனால் பார்த்தவுடன் இன்ன நோய்க்கான செருப்பு என்று தெரிகிற மாதிரி ஒரே அச்சில் தைத்துக் கொடுத்தால் அதை வீட்டுப் பரணில்தான் பார்க்க முடியும். அதே ரப்பரைக் கடைச் செருப்பின் வடிவத்தில் வைத்துக் கொடுத்தால் அணிவார்கள். இதற்கு விழிப்புணர்வு தேவையில்லை, செருப்புத் தைப்பவருக்குச் சரியான அளவும் மாதிரியும் கொடுத்தால் போதும்.

சட்டமும் நெடுங்காலம் ஊரோடுதான் நின்றது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் மணமுறிவு கேட்கலாம் என்ற பிரிவு, 2019-ல் தனிநபர் சட்டங்களைத் திருத்தியபோதுதான் போனது. முழுவதும் குணமாகும் நோய் என்று ஒரு பக்கம் சுவரில் எழுதிக்கொண்டு, மறுபக்கம் அதையே விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்தோம்.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை ஒட்டி இயங்கிய ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அதுபோன்ற இல்லங்கள் மூடப்பட்டன. மூடநம்பிக்கையின் விளைவு என்று அன்று எழுதினார்கள். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மகனையோ மகளையோ அங்கே கொண்டுவந்து விட்ட பெற்றோருக்கு வேறு என்ன வழி இருந்தது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் அரசு மனநல மருத்துவமனை என்றால் சென்னை கீழ்ப்பாக்கம், இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். மாதம் ஒரு ஊசியிலும் தினம் ஒரு மாத்திரையிலும் வீட்டிலேயே அமைதியாக இருக்கக்கூடிய மனிதருக்கு அந்த ஊசி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கவில்லை. ஏர்வாடிக்கு வந்தால் யாரும் கேள்வி கேட்கவில்லை. மருந்து எட்டாத இடத்தைச் சங்கிலி நிரப்பியது. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே பிரார்த்தனையும் நடக்க, மனநல மருத்துவமும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தபோது, துவா செய்ய வந்தவர்கள் மருந்தை வேண்டாம் என்று தள்ளவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது.

ஆஸ்பத்திரியில் உங்களை நடத்திய விதத்துக்கு வருகிறேன். இதில் நான் பணியாளர்களை முழுக்கக் குற்றவாளியாக்க மாட்டேன், முழுக்க விட்டுவிடவும் மாட்டேன். நானூறு பேர் நிற்கும் வரிசையில் ஒற்றை ஆள் கத்திக்கொண்டிருப்பது உண்மை. அதே வரிசையில் வெள்ளை வேட்டியோடு வருகிறவரின் சர்க்கரை நோயை யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பதும் உண்மை. யாருடைய நோயை உரக்கச் சொல்லலாம் என்பது நோயைப் பொறுத்து மட்டும் தீர்மானமாவதில்லை. கைலி, செருப்பில்லாத கால், பேச்சு வழக்கு, எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் ஊர்த் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து விசாரிப்பதையும், காலனிக்கு வந்தால் சாலையில் நின்றபடியே பெயரைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் கொடுத்தது ஒரே மாத்திரை. ஒரு வீட்டில் இருமலைப் பற்றிக் கேட்டார், இன்னொரு வீட்டில் கேட்கவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் மாதம் அங்கேயே மாறிவிடுகிறது.

எச்.ஐ.வி. நோயாளிகள் இந்தக் குரலுக்குப் பயந்துதான் தூரத்தை விலையாகக் கொடுக்கிறார்கள். 2004-லிருந்து கூட்டு மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம்கூடத் தொற்றுவதில்லை. இருந்தாலும் ராமேஸ்வரம் தீவில் இருப்பவர் ராமநாதபுரத்தைத் தாண்டி, சுமார் 170 கிலோமீட்டரில் இருக்கும் மதுரைக்குப் போவார், தெரிந்த முகம் எதிர்ப்படக்கூடாது என்பதற்காக. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, அந்தப் பயணம் மண்டபம்வரை பேருந்து, பிறகு ரயில் என்று இன்னும் நீண்டது. ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது பெரிய மாற்றம்தான். ஆனால் பக்கத்தில் ஆஸ்பத்திரி வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி கூப்பிடுவார்கள் என்றால் நோயாளிக்கு அது பக்கத்தில் இல்லை.

சட்டம் இதில் ஒரு வேற்றுமை செய்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சிகிச்சை மறுப்பதையும், வேலையிலிருந்து நீக்குவதையும், அனுமதியின்றி நோயை வெளியிடுவதையும் தடை செய்கிறது. மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும், புகாருக்கு 30 நாளில் உத்தரவு வர வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். காசநோயாளிக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. உங்கள் மச்சானைச் சம்மாட்டி இறக்கிவிட்டதற்கு நேரடியாக நீட்டக்கூடிய பிரிவு எதுவும் என் கையில் இல்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அதனால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில், ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்ற பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவியில் அது தெரிந்துவிடும். கட்டுப்படும் வகைதான் என்றால், மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குப் பின் மருத்துவரிடம், வேலைக்குப் போகலாம், உடன் இருப்பவர்களுக்கு இவரால் ஆபத்தில்லை என்று எழுதி வாங்குங்கள். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட நிலையில் இதைக் காட்டுவதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தாளோடு சம்மாட்டியிடம் நீங்கள் போவதைவிட, மருத்துவரோ சிகிச்சை மேற்பார்வையாளரோ பேசுவது நல்லது. இன்னொரு வார்த்தையும் அவர்கள் சொல்லட்டும், படகில் மற்ற ஆட்களையும் பரிசோதிப்பது சம்மாட்டிக்கே பாதுகாப்பு என்று. உடல் தேறும்வரை வலை இழுப்பது அவரால் முடியாது. வலை பின்னுவது, கரை வேலை என்று ஏதாவது கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மச்சான் எழுந்து நிற்கவே துணை தேவைப்படும் அளவுக்கு மெலிந்திருந்தால், கால் வீங்கியிருந்தால், மூச்சு வாங்கினால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்திலேயே நடக்கிறது என்பதால், இத்தகையவர்களைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து படுக்கையில் சேர்ப்பதற்காகத்தான் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அந்த மதிப்பீடு செய்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். 2018-ல் 500 ஆக இருந்தது 2024 நவம்பரில் உயர்த்தப்பட்டது. கணக்கு எண், ஆதார் இணைப்பு, கைபேசி எண் இவற்றில் ஒன்று தவறினாலும் பணம் நிற்கும், ஆகவே முதல் மாதத்திலேயே சரிபாருங்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் அனைவருக்கும் பரிசோதனையும், நோய் இல்லை என்று உறுதியான பின் தடுப்பு மருந்தும் உண்டு. குழந்தைகளை விட்டுவிட வேண்டாம். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கும் சேர்த்து உணவுப் பொருள் கொடுத்தபோது, உடனிருந்தவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அக்கா எல்லாவற்றையும் மச்சானுக்கே போட்டுவிட்டுத் தான் கஞ்சித் தண்ணீர் குடிக்கிறவர் என்றால், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

வரிசையில் கத்தியதைப் பற்றி நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதியும் நேரமும் போட்டு; 104 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். பணியாளரின் பெயரைவிட, காசநோயாளிகளை எல்லோர் முன்னிலையிலும் நோயின் பெயரால் கூப்பிடக்கூடாது, டோக்கன் எண்ணால் கூப்பிட வேண்டும் என்ற கோரிக்கை அதில் முன்னால் இருக்கட்டும். தனிமனிதர்மேல் புகார் என்றால் விளக்கம் வாங்கிக் கோப்பை மூடிவிடுவார்கள், முறையை மாற்றக் கேட்டால் பதில் எழுதியாக வேண்டும். காசநோய் சம்பந்தமான சந்தேகங்களுக்கு 1800-11-6666, எச்.ஐ.வி.க்கு 1097, மனநலத்துக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்கள் உள்ளன. ஊர்க்காரர் காதில் விழாமல் பேசலாம் என்பதே இவற்றின் பெரிய வசதி.

கடைசியாக, அந்த விழிப்புணர்வு முகாம். ‘காசநோய் விழிப்புணர்வு முகாம்’ என்று பேனர் கட்டி ஒலிபெருக்கி வைத்தால், நோய் இருக்கிறவர் அந்தத் தெரு வழியாகவே வரமாட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், பல், தோல், எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்த பொது முகாமாகக் கேளுங்கள். யார் எதற்கு வந்தார் என்று வெளியே தெரியாது. பெண்களுக்குத் தனி மறைப்பும், தோலைப் பார்க்கப் பெண் பணியாளரும் இருக்க வேண்டும். படகு போகாத நாளாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் தடைக்காலத்தின் முதல் வாரத்தில். அப்போதுதான் ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கூலியும் போகாது, கண்டுபிடிக்கப்பட்டவர் கடல் திறப்பதற்குள் மருந்தின் முதல் இரண்டு மாதத்தைக் கிட்டத்தட்ட முடித்திருப்பார். ஊராட்சித் தலைவரும் மீனவர் சங்கமும் கையெழுத்திட்டு மார்ச் மாதத்திலேயே மாவட்டக் காசநோய்ப் பிரிவுத் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு மனு போனால் எக்ஸ்ரே வண்டிக்குத் தேதி கிடைக்க வாய்ப்பு அதிகம்.